எடை குறைப்பு ஆபரேஷன் செய்த பெண் கர்ப்பமானால்... நர்சிடம் மறைக்கக் கூடாத விஷயம்

தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோசை தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து சர்க்கரை பார்ப்பார்கள். குமட்டும், முகம் சுளிப்பார்கள். மற்றபடி பெரிய தொந்தரவு இல்லை.

ஆனால் உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண் இதே தண்ணீரை மடமடவென்று குடித்தால் கதை வேறு. கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி என்று சுருண்டு படுத்துவிடலாம்.

அவர் ஆபரேஷன் செய்தவர் என்பது நர்சுக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும்!

இங்குதான் சிக்கலே. இந்த ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பி முறையில் செய்வதால் வயிற்றில் நாலைந்து சின்ன தழும்புகள்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே ஆபரேஷனை முடித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடாதவர்கள் உண்டு. "டயட்ல இருந்து இளைச்சேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. கர்ப்பத்தைப் பார்க்கும் டாக்டரிடமும் நர்சிடமும் அதையே சொன்னால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

யாருக்கு இந்த ஆபரேஷன்?

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆனால் எல்லா குண்டு பெண்களுக்கும் ஆபரேஷன் கிடையாது.

உயரத்தையும் எடையையும் வைத்து பி.எம்.ஐ. என்று ஒரு கணக்கு போடுவார்கள். எடையை கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் இரண்டு தடவை வகுக்க வேண்டும். பி.எம்.ஐ. 35-ஐ தாண்டினால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்பது உலக அளவில் உள்ள விதி. 5 அடி 1 அங்குலம் உயரமுள்ள பெண் என்றால் சுமார் 84 கிலோ. ஆசியக்காரர்களுக்கு குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால் 27.5-ல் இருந்தே ஆபரேஷனை பரிசீலிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச சர்ஜன்கள் அமைப்புகள் விதியை மாற்றின.

நம் ஊரில் முக்கியமாக இரண்டு வகை நடக்கிறது. ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல் பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சின்ன பை செய்து, அதை நேராக சிறுகுடலில் கொண்டுபோய் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு பெரிய இரைப்பைக்கும் போகாது, சிறுகுடலின் முதல் பகுதிக்கும் போகாது.

அந்த முதல் பகுதியில்தான் இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமாக ரத்தத்தில் சேரும். வைட்டமின் பி-12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. இரண்டிலும் கை வைத்தாகிவிட்டது. கர்ப்பத்தில் வரும் பிரச்சினைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

இத்தனை வருடம் நிற்காதது உடனே நிற்கும்!

குண்டாக இருப்பதால் சினைப்பை நீர்க்கட்டி வந்து, மாதவிலக்கு தாறுமாறாகி, வருடக்கணக்கில் குழந்தைக்காக ஏங்கும் பெண்கள் நிறைய. ஆபரேஷன் செய்து எடை இறங்க ஆரம்பித்ததும் சில மாதங்களிலேயே சினைமுட்டை ஒழுங்காக வெளியாக ஆரம்பித்துவிடும். "எனக்குத்தான் கரு தங்காதே" என்று அலட்சியமாக இருப்பவருக்கு திடீரென்று நாள் தள்ளிப்போகும்.

சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் நேரம் சரியில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் வருடம் உடம்பு தன்னையே கரைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கருவுக்கும் சத்து கொடு என்றால் எங்கிருந்து கொடுக்கும்? அதனால் எடை இறங்கி ஒரு நிலைக்கு வரும் வரை, குறைந்தது 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். 24 மாதம் வரை சொல்லும் டாக்டர்களும் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. ஆபரேஷன் செய்து 2 வருடத்துக்குள் பிரசவமானவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு குறைமாதக் குழந்தை பிறந்தது. 4 வருடம் தாண்டி பெற்றவர்களில் அது 11.8 சதவீதம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டி வந்ததும் 2 வருடத்துக்குள் பிறந்த குழந்தைகளில்தான் அதிகம்.

தள்ளிப்போட என்ன செய்வது? கருத்தடை மாத்திரையை நம்பிவிடக் கூடாது. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரை முழுதாக உடம்பில் சேராமல் போகலாம். வாந்தி, பேதி இருந்தால் கேட்கவே வேண்டாம். காப்பர்-டி மாதிரி குடலை நம்பாத முறை நல்லது.

அதையும் மீறி சீக்கிரமே கரு உண்டாகிவிட்டால்? பயந்துபோய் கலைக்க ஓட வேண்டியதில்லை. இப்படி சீக்கிரம் கருத்தரித்தும் நல்லபடியாக பெற்றெடுத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். உடனே டாக்டரிடம் போய், ஆபரேஷன் செய்த தேதியைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.

சுவீடன் சொன்ன கணக்கு

ஆபரேஷன் செய்தால் கர்ப்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று ஒற்றை வார்த்தையில் கேட்டால் பதில் கிடைக்காது. சுவீடன் நாட்டில் கரோலின்ஸ்கா ஆராய்ச்சியாளர்கள் இதை அலசி 2015-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்த பெண்களின் 596 பிரசவங்களை, அவர்கள் ஆபரேஷனுக்கு முன்பு இருந்த அதே பருமனில் ஆபரேஷன் செய்யாமலே பெற்ற 2,356 பிரசவங்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் பைபாஸ் செய்தவர்கள்.

கர்ப்பகால சர்க்கரை நோய் ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 2 பேருக்குத்தான் வந்தது. செய்யாதவர்களில் 100-க்கு 7 பேர். மாதத்துக்கு மீறி பெருத்த குழந்தைகள் அங்கே 100-க்கு 9, இங்கே 22. குழந்தை பெருத்தால் பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்வது, ஆயுதம் போடுவது என்று எவ்வளவு அவஸ்தை என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த வகையில் ஆபரேஷனுக்கு நல்ல பெயர்தான்.

மறுபக்கம், மாதத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் பிறந்த குழந்தைகள் ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 16. செய்யாதவர்களில் 8 தான். அதாவது இரண்டு மடங்கு. வயிற்றிலேயே இறந்தது, பிறந்த 28 நாளுக்குள் இறந்தது இரண்டையும் சேர்த்தால் 1.7 சதவீதம், 0.7 சதவீதம் என்று வந்தது. எண்ணிக்கை குறைவு என்பதால் இந்தக் கடைசி கணக்கை உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியாளர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அலட்சியம் செய்யக் கூடியது கிடையாது.

பிறவி ஊனம் வருமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதே சுவீடனில் 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், பைபாஸ் செய்த தாய்மார்களின் குழந்தைகளில் 3.4 சதவீதத்துக்கு பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. ஆபரேஷன் செய்யாத பருமனான தாய்மார்களின் குழந்தைகளில் 4.9 சதவீதம். அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

குளுக்கோஸ் தண்ணீருக்கு பதில் என்ன?

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷய்யா முன்னின்று கொண்டுவந்த பரிசோதனை முறைதான் இந்த 75 கிராம் குளுக்கோஸ். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, ஒரே ஊசி, 2 மணி நேரத்தில் முடிவு. 140-ஐ தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண்களுக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. லட்சக்கணக்கான தாய்மார்களைக் காப்பாற்றிய பரிசோதனை.

ஆபரேஷன் செய்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. பெரிய இரைப்பை இருந்தால் சர்க்கரைத் தண்ணீரை கொஞ்சம் கொஞ்சமாக குடலுக்கு விடும். இவர்களுக்கு ஒரேயடியாக குடலில் போய்க் கொட்டும். உடம்பு மிரண்டுபோய் இன்சுலினை வாரி இறைக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். மயக்கம் வருவது ஒருபுறம். அந்த நேரத்தில் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை குறைவாகக் காட்டி, "உங்களுக்கு சுகர் இல்லம்மா" என்று அனுப்பிவிடும் ஆபத்து இன்னொரு புறம்.

அதற்கு பதிலாக 6-வது மாதம் வாக்கில், அதாவது 24 முதல் 28 வாரத்துக்குள், ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் விரல் நுனி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை. நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டினால் போதும்.

மசக்கை என்று விட்டுவிடாதீர்கள்

கர்ப்பமானால் வாந்தி வருவது இயல்பு. நம் வீடுகளில் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரொம்ப முடியவில்லை என்றால் பக்கத்து கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள்.

எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர் இரண்டு மூன்று வாரம் விடாமல் வாந்தி எடுத்தால், தையமின் என்ற வைட்டமின் பி-1 உடம்பில் தீர்ந்துபோகும். அந்த நிலையில் தையமின் ஊசி போடாமல் குளுக்கோசை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கும் தையமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறி. முதலில் தையமின், அப்புறம் குளுக்கோஸ். கிளினிக் டாக்டருக்கு இது தெரியும். ஆபரேஷன் விவரம்தான் அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

வயிற்று வலி வந்தால்...

பைபாஸ் செய்தவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். குடலை வெட்டி இடம் மாற்றி இணைக்கும்போது உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். எடை குறைந்து கொழுப்பு கரைந்ததும் அவை பெரிதாகும். கர்ப்பப்பை வளர வளர குடலை மேலே தள்ளும். குடல் அந்த இடைவெளிக்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகும்.

அமெரிக்காவில் பைபாஸ் செய்திருந்த கர்ப்பிணி ஒருவரும் வயிற்றில் இருந்த குழந்தையும் இப்படி இறந்துபோன சம்பவம் 2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. அதன்பிறகுதான் உலகம் முழுக்க டாக்டர்கள் உஷாரானார்கள்.

இதன் வலி பெரும்பாலும் மேல் வயிற்றில் வரும். கேஸ், அஜீரணம், சூட்டு வலி, பிரசவ வலி என்று எதையாவது நினைத்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு இருந்தால் நேரம் போய்விடும். வெறும் ஸ்கேனில் இது சரியாகத் தெரியாது. சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். குழந்தைக்கு ஆகாது என்று குடும்பத்தார் தடுப்பதுண்டு. குடல் அழுகினால் இரண்டு உயிரும் போய்விடும் என்பதால் டாக்டர் சொன்னால் எடுத்துவிடுவதே நல்லது. மகப்பேறு டாக்டரோடு ஒரு சர்ஜனும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு குடலில் கை வைப்பதில்லை என்பதால் இந்தப் பயம் இல்லை.

"ரெண்டு உயிருக்கு சாப்பிடும்மா"

கர்ப்பிணி வீட்டுக்கு வந்தாலே மாமியார், நாத்தனார், பெரியம்மா எல்லோரும் சேர்ந்து தட்டை நிரப்புவார்கள். இவரோ நாலு வாய்க்கு மேல் முடியாது என்பார். "பிடிவாதம் பண்றா" என்று பேச்சு வரும். வளைகாப்புக்கு ஏழு வகை சாதம் ஊட்டுவதற்கு முன்பாவது வீட்டுப் பெரியவர்கள் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

அளவு போதாததால், சாப்பிடும் கொஞ்சத்திலும் புரதம் முதலில் போக வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர் எல்லாம் முதலில். சாதம் கடைசியில். ஒரு நாளைக்கு ஆறு தடவை சின்னச் சின்னதாக. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும். பாயாசம், ஜூஸ், கேசரி வகையறாக்கள் குளுக்கோஸ் தண்ணீர் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது. நல்ல மாத்திரை. ஆனால் பி-12 அதில் கிடையாது. மேலே சொன்ன சர்வேயில் தமிழ்நாட்டு கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆபரேஷன் இல்லாமலே இந்த நிலை என்றால், ஆபரேஷன் செய்தவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பி-12-க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்வது நல்ல வழி. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கருத்தரிக்கும்போதும் பருமனாகவோ சர்க்கரை நோயோடோ இருப்பவர்களுக்கு போலிக் அமிலம் 5 மில்லிகிராம் வரை டாக்டர்கள் கொடுப்பார்கள். அதை கரு உண்டாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி தேவை. இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடித்தால் மாத்திரை வீண். வைட்டமின் ஏ-யை மட்டும் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது, ரெட்டினால் என்ற வகை அதிகமானால் கருவைப் பாதிக்கும். 3 மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்து, மாத்திரையில் ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை ஊசி மூலம் ஏற்றிவிடுவார்கள்.

ஆபரேஷன் செய்ததால் சிசேரியன்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மற்ற காரணங்கள் இல்லை என்றால் சுகப்பிரசவம் ஆகலாம். குழந்தை வளர்கிறதா என்று கடைசி 3 மாதத்தில் கூடுதலாக ஸ்கேன் எடுப்பார்கள், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோபினாக் வகை மாத்திரை, ஊசிகளை பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். தைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். பாரசிட்டமால் போடலாம்.

பத்தியமும் தாய்ப்பாலும்

பிரசவமான பெண்ணுக்கு பூண்டுக் குழம்பும் சாதமும் மட்டும் கொடுத்து, தண்ணீரையும் குறைத்து, முட்டை ஆகாது, கீரை ஆகாது என்று பத்தியம் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஏற்கனவே பாதி சத்து உடம்பில் சேராத பெண்ணை இப்படிப் போட்டால் பாதிக்கப்படுவது பச்சைக் குழந்தைதான்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் தாய்க்கு பி-12 இல்லை என்றால் பாலிலும் இருக்காது. பைபாஸ் செய்த தாயிடம் பால் குடித்த குழந்தைக்கு பி-12 குறைபாடு வந்தது பற்றி 1994-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பிறந்தபோது நன்றாக இருக்கும். சில மாதத்தில் சோர்ந்து போகும், வெளுக்கும், எடை ஏறாது, நின்ற தலை மறுபடி துவளும், சிரித்த குழந்தை சிரிக்காது. சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் மளமளவென்று தேறும். தாமதமானால் மூளை வளர்ச்சியில் குறை நின்றுவிடலாம். அதனால் குழந்தை டாக்டரிடமும் தாயின் ஆபரேஷன் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசியையும் தவற விடக் கூடாது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொண்டால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். ஸ்லீவா, பைபாசா என்பது பாதி பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இப்போது எடை குறைக்க ஊசி போடுவதும் பெருகிவிட்டது. 2025-ல் மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. ஆபரேஷன் செய்த பிறகு எடை திரும்ப ஏறியவர்களும் இதைப் போடுகிறார்கள். கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது. வெகோவி ஊசியை கருத்தரிக்க நினைப்பதற்கு 2 மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

குழந்தையும் குண்டாகுமா?

தாய் இளைத்தால் பிறக்கும் பிள்ளையும் ஒல்லியாக இருக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரே தாய் ஆபரேஷனுக்கு முன்பு பெற்ற பிள்ளைகளையும் பின்பு பெற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பின்னால் பிறந்தவர்களில் உடல் பருமன் பாதிக்குப் பாதி குறைவாக இருந்தது. சுவீடனில் 2014-ல் அதே மாதிரி அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறக்கும்போது எடையில் வித்தியாசம் இருந்தது, கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தானே இரண்டும் சாப்பிடுகின்றன!